முழங்கால் நோவும் ஆல்ப்ஸ் மலைப் பாதைகளும்

விடியற்காலையில் நல்லூர் வெளிவீதியை மூன்று தரம் சுற்றி வருவதுதான் என் நடை. இடது முழங்காலில் ஆறு வருடமாக நோ. யாழ்ப்பாணத்தில் அது பெரிய கரைச்சல் இல்லை, ஏற்றம் இறக்கம் இல்லாத மண் இது. கீரிமலை என்று ஊர் இருக்கிறது, ஆனால் அங்கே மலை இல்லை. அந்த முழங்காலோடுதான் போன வருடம் ஜூலையில் பேர்ணில் இருக்கும் மகளிடம் போய், பத்து நாட்கள் ஆல்ப்ஸில் நடந்துவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கச் சுவிஸ் போகிற அம்மா அப்பாக்களை எனக்கு நிறையத் தெரியும். மூன்று மாதமும் சமையலும் பேரப்பிள்ளையுமாக வீட்டுக்குள் இருப்பார்கள். ஒரு நாள் மட்டும் யுங்ஃபிராவ்யோக் ரயிலில் 3,454 மீற்றர் உயரத்துக்குப் போய், பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் மலை எனக்குப் பிடிபட்டது மெதுவாக நடந்தபோதுதான்.

புறப்பட முதல் இவர் பயந்தார். "இஞ்சேர், ஏலாமல் இடையிலை இருந்திட்டால் என்ன செய்யிறது?" மகள் தொலைபேசியில் சிரித்தாள். "அப்பா, ஏறுற வேலையை கேபிள் கார் பாக்கும். நீங்கள் ரெண்டு பேரும் மேலை நடந்தால் சரி."

லவுட்டர்புருன்னனில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ரயிலால் இறங்கி நிமிர்ந்து பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. இருபத்தெட்டு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். பனிக்கட்டியாறு அரித்த யூ வடிவப் பள்ளத்தாக்கை எத்தனையோ தரம் கரும்பலகையில் கீறியிருக்கிறேன்: இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவில் தட்டையான அடி, சுவரின் உச்சியில் அந்தரத்தில் முடிகிற தொங்கு பள்ளத்தாக்கு, அதிலிருந்து விழும் அருவி. அந்தப் படம் முழுவதும் அங்கே நின்றது. ஷ்டவுப்பாக் அருவி 297 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. கீழே வந்து சேரும்போது பாதித் தண்ணீர் புகையாகிவிடும். இரண்டாம் நாள் காலை அதன் அடியில் நின்றபோது என் பழைய மாணவிகளின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு பிள்ளை, "ரீச்சர், தொங்கு பள்ளத்தாக்கு எண்டால் எப்பிடித் தொங்கும்?" என்று கேட்டவள். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, அவளுக்கு அதைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

முதல் நடை பள்ளத்தாக்கின் அடியிலேயே. லவுட்டர்புருன்னனிலிருந்து திரும்மல்பாக் வரை மூன்று கிலோமீற்றர் போல, முழுக்கத் தட்டை. பக்கத்தில் ஆறு, புல்வெளி, மாடுகளின் கழுத்து மணிச் சத்தம். திரும்மல்பாக்கில் பத்து அருவிகள் மலைக்குள்ளேயே விழுகின்றன. ஐகர், மொன்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று மலைகளின் பனிக்கட்டியாற்றுத் தண்ணீர், நொடிக்கு 20,000 லீற்றர் வரை அந்த வெடிப்புக்குள்ளால் இறங்குகிறது. பாறைக்குள் ஓடும் லிஃப்ட் மேலே கொண்டுபோய் விடும், அதற்குப் பிறகு ஈரப் படிகள். கைபிடியை விடாமல் மெதுவாக ஏறினேன்.

அங்கே நின்றபோது எனக்கு எங்கள் ஊர் நிலாவரைக் கிணறு நினைவு வந்தது. எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளுக்குள் வழி செய்துகொண்டதால்தான் எங்களுக்குக் கிணறும் நிலாவரையும் கீரிமலைக் கேணியும். ஐகரின் வடக்குச் சுவரும் சுண்ணாம்புக்கல்தான், அதுவும் ஒரு காலத்தில் கடலின் அடியில் படிந்ததுதான். வயதில் அது எங்கள் கல்லை விட மிகவும் மூத்தது. எங்களுடைய கடல்படுகை தட்டையாகவே கிடந்துவிட்டது, அவர்களுடையதைப் பூமி மடித்து 3,967 மீற்றர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. இதைச் சொன்னபோது மருமகன் பொறுமையாகக் கேட்டார். பேத்தி மட்டும், "அப்ப அம்மம்மா, மீன் இருந்ததோ?" என்றாள். இருந்தது.

நான்காம் நாள்தான் பெரிய நடை. வெங்கன் என்ற ஊருக்கு ரயில், கார் போகாத ஊர் அது. அங்கிருந்து கேபிள் காரில் ஐந்தாறு நிமிடம், மென்லிகன் வந்துவிடும். காது அடைத்துத் திறந்தது. கீழே வெயில், மேலே சுவேற்றர் இல்லாமல் நிற்க முடியாது. ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்று படிப்பித்ததை உடம்பு அன்றுதான் படித்தது. மென்லிகனிலிருந்து கிளைன ஷைடெக் வரை நாலரைக் கிலோமீற்றர் பாதை, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். இடது பக்கம் கிரிண்டல்வால்ட் பள்ளத்தாக்கு ஆழத்தில் கிடக்கிறது, முன்னால் ஐகர். ஒவ்வொரு திருப்பத்திலும் அது கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வரும். ஒன்றரை மணி நேரத்தில் போகலாம் என்பார்கள், நாங்கள் மூன்று மணி நேரம் எடுத்தோம். வழியில் வாங்கில் இருந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். ஃபிளாஸ்கில் பிளேன்ரீ, கடிக்க ஊரிலிருந்து கொண்டுபோன பனங்கட்டி. பாதையோரம் அல்பைன் ரோஜாப் புதர்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சி 2,524 மீற்றர். அதை விடச் சற்றுத் தாழ்வான உயரத்தில்தான் இருந்து சாப்பிட்டோம். ஆனால் சுற்றி நின்றவை நாலாயிரம் மீற்றர் மலைகள்.

பிழை விட்டது அதற்குப் பிறகு. கால் நன்றாக இருக்கிறதே, இறக்கம்தானே, வெங்கனுக்கு நடந்தே போகலாம் என்று நான்தான் சொன்னேன். கிளைன ஷைடெக் 2,061 மீற்றர், வெங்கன் 1,274. முதல் அரை மணி நேரத்திலேயே முழங்கால் நெருப்பாகிவிட்டது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்புப் பாரம் முழுவதையும் முழங்கால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும், இறக்கத்தில் மூட்டு போய்விடும். நல்ல காலம், இடையில் வெங்கர்ன்அல்ப் என்று ஒரு ரயில் நிலையம் இருந்தது. அதில் ஏறித் திரும்பினோம். இரண்டு நாள் கால் வீங்கியிருந்தது. என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: இறங்குவதற்கும் ரயிலுக்குக் காசு கட்டுங்கள். இரண்டு ஊன்றுகோலும் வாங்குங்கள்.

அதனால் மிச்ச நாட்களுக்கு முரன் பக்கப் பாதையை எடுத்தோம். லவுட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் குருட்ஷால்ப், அங்கிருந்து முரன் ஊர் வரை நாலு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. எனக்கு அதைப்போல ஒரு பாதை வேறு கிடைக்கவில்லை. பக்கத்திலேயே சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது, நடுவில் வின்டெரெக் என்ற இடத்தில் நிற்கும். ஏலாவிட்டால் ஏறலாம் என்ற தைரியமே பாதி நோவை எடுத்துவிடும். மூன்று தரம் போனோம். ஒரு தரம் முழுக்க மூடுபனி, மலையே தெரியவில்லை. இவர் அன்றைய நடையைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊசியிலை மரங்களிலிருந்து சொட்டும் சத்தமும் எங்கேயோ மணிச் சத்தமும்தான் கேட்டது என்று.

மஞ்சள் பலகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்திக்குச் சந்தி நிற்கும் அந்தப் பலகைகளில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். ஓய்வு எடுக்காமல் நடந்தால் ஆகிற நேரம் அது. நாங்கள் எப்போதும் இரட்டித்துக் கணக்கு வைத்தோம். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடு கண்டால் கல்லும் செங்குத்தும் வரலாம், விசாரித்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். நீலக் கோடு மலையேறிப் பழகியவர்களுக்கு, எங்களுக்கு வேண்டாம். இடி பெரும்பாலும் பின்னேரத்தில் வருவதால், காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் வருகிற ஜூலையில் மகனிடம் போகிறார். அவருக்கும் முழங்கால் நோ. நேற்றுப் பின்னேரம் என் ஊன்றுகோல் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குருட்ஷால்ப், வின்டெரெக், முரன் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தபோது, அதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது சரி பிள்ளை, மேலை கொண்டு போனால் புட்டு ஆறிப்போகாதோ?"

"ஆறிப்போகும் அக்கா. ரொட்டி சுட்டுக்கொண்டு போங்கோ."