ஒன்றரை டிகிரியும் ஒரு தென்னம்பாளையும்

போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் கிளை நூலகத்துல வாசகர் வட்டம் கூடுச்சு, அதைப் பத்தி எழுதியே ஆகணும்னு ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

நூலகத்துல நடக்குற கூட்டம்னா வழக்கமா வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, சால்வைன்னு போகும். ஒருத்தர் முக்கால் மணி நேரம் பேசுவாரு, மத்தவங்க கேட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிருவாங்க. கேக்க வந்தவங்க வாயத் திறக்க எடமே இருக்காது, அது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். இந்த தடவ சேரை வட்டமா போட்டோம், மைக் வேண்டாம்னுட்டோம், பூமி சூடாகுறத கட்டுப்படுத்த நாடுகள் சேந்து போட்ட பாரிஸ் ஒப்பந்தம் பத்தி நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒரு பத்தி சத்தமா வாசிச்சோம். பதினாலு பேரு.

தையல் கடை வச்சிருக்குற அக்கா ஒருத்தவங்க வரிக்கு கீழ விரல வச்சு நிதானமா வாசிச்சுக்கிட்டே வந்தாங்க, பூமியோட சூடு 1.5 டிகிரிக்கு மேல ஏறாம பாத்துக்க முயற்சி பண்ணணும்னு வந்ததும் நிறுத்திட்டாங்க. "காலைக்கும் மத்தியானத்துக்குமே பத்து டிகிரி ஏறுதேப்பா, ஒன்றரைக்கா இத்தன நாடு கூடி பேசுது?"

அந்த நம்பர நானும் எத்தனையோ தடவ படிச்சு தலையாட்டிட்டுப் போயிருக்கேன், இப்படி கேக்கணும்னு தோணவே இல்ல. காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன்தான் சொன்னான், அக்கா நீங்க சொல்றது ஒரு ஊரு, ஒரு நாளு, இது மொத்த பூமிக்கும் சேத்து சராசரி, ஏறுற சூட்டுல நூத்துக்கு தொண்ணூறு பங்கு கடலுக்குள்ளதான் போகுது, புயலுக்கு சாப்பாடே அந்த சூடான தண்ணிதான்னு.

புயல்னதும் ஓரமா உக்காந்திருந்த பெரியவர் நிமிந்தாரு. பட்டுக்கோட்டை பக்கம் கஜான்னு சொன்னா யாரும் சும்மா இருக்க மாட்டாங்க, 2018 நவம்பர் 16 விடியக்காலையில நாங்க வளத்த தென்னையெல்லாம் வரிசை வரிசையா சாஞ்சு கெடந்ததப் பாத்தவங்க நாங்க. அவருக்கு எண்பது மரம் போச்சு. "அதுக்கப்புறம் வச்ச நெட்டைக் கன்னு இந்த வருஷந்தான் பாளை விட்டுருக்கு தம்பி"ன்னு சொல்லி முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து காட்டினாரு, இவ்ளோ நீளம்னு. கொஞ்ச நேரம் யாரும் பேசல.

ஒரு குறிப்பிட்ட புயலுக்கு பூமி சூடாகுறதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா கடல் சூடாக சூடாக வர்ற புயலோட பலம் கூடும்ங்கறதையும் வாசிச்சோம். அப்புறம் சண்டை மாதிரியே ஆயிடுச்சு, இது வரைக்கும் அதிகமா புகை விட்டது அமெரிக்கா, நாம ஏன் நிலக்கரிய குறைக்கணும்னு ஒருத்தர், குறைக்கலன்னா அடி வாங்குறது நம்ம கரைதானேன்னு அக்கா. முடிவு எதுவும் வரல, வரணும்னும் இல்ல.

வீட்டு வரியோட சேத்து நூலக வரி கட்டுறோம்ல, 1948 சட்டத்துல வந்தது, அப்போ இது நம்ம காசுல நடக்குற எடம். இங்க தையல்கார அக்காவும் விவசாயியும் பேசாம வேற எங்க போய் பேசுறது?

கிளம்புறப்ப பெரியவர் கேட்டாரு, எவனோ விட்ட புகைக்கு நமக்கு நட்டஈடு யாரு தருவான்னு. 2022ல எகிப்துல நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுல இழப்புக்குன்னு ஒரு நிதி தொடங்க ஒத்துக்கிட்டாங்க, அடுத்த மாசம் அதத்தான் வாசிக்கப் போறோம். ஜெராக்ஸ மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு.