சிங்கவரத்தில் முகம் திருப்பிய பெருமாள்

மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்கச் செஞ்சி வழியாகப் போகிறவர்களுக்குக் கணக்கில்லை. அமாவாசையன்று பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அவர்களில் சிங்கவரம் பக்கம் திரும்புகிறவர்கள் சொற்பம். செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில், குன்றின் மேல், பல்லவர் குடைந்த குகையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார்.

படியேறி உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாகிறது. சுமார் 24 அடி நீளத் திருமேனி. பாறையிலேயே வடித்தது. ஒரே பார்வையில் அடங்கவில்லை. அர்ச்சகர் தீபத்தைத் திருவடியில் தொடங்கி மெல்ல நகர்த்த, நாமும் தூணுக்குத் தூண் நகர்கிறோம். முழங்கால், நாபி, மார்பு என்று வெளிச்சம் ஊர்ந்துபோய்க் கடைசியில் முகத்தில் நிற்கிறது. அந்த முகம் நம்மைப் பார்க்காமல் சற்றே விலகியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு ராஜன் இங்கே வந்து உத்தரவு கேட்டானாம். இன்று வேண்டாம் என்றாராம் பெருமாள். அவன் கேட்கவில்லை. அப்போது திருப்பிய முகம் இது.

அந்தப் போர் நடந்தது 1714 அக்டோபரில். தேசிங்கு என்று நாம் சொல்லும் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரன். தந்தை சொரூப் சிங் இறந்த பிறகு செஞ்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கப்பப் பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். கொடுக்க மறுத்தவன் சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்கொண்டான். வராக நதியில் வெள்ளம். கடலி ஊருக்கருகே மோதல் நெடுநேரம் நீடிக்கவில்லை. ராஜனும் அவன் நண்பன் மகமத்கானும் மாண்டார்கள். தேசிங்குக்கு 22 வயது என்கிறார்கள். நவாபுக்கு இது சிறிய கைகலப்புதான். இங்கே பெருமாளே அதில் ஒரு பாத்திரம்.

எனக்கு ராஜனைவிட மகமத்கான்மேல்தான் மனம் போகிறது. கல்யாணக் கோலத்தில் இருந்தவன், நண்பனிடமிருந்து ஓலை வந்ததும் நீலவேணிக் குதிரையேறிப் புறப்பட்டதாகத் தேசிங்கு கதைப்பாடல் சொல்கிறது. பாட்டில் அவனும் ரங்கநாதரைத்தான் கும்பிடுகிறான். முஸ்லிம் வீரன் எப்படிப் பெருமாளைக் கூப்பிடலாம் என்று கதை கேட்ட எவரும் குறுக்கே கேட்டதாகத் தெரியவில்லை. நாட்டுப்புறத்தார் இதையெல்லாம் பெரிய சங்கதியாக நினைப்பதில்லை.

தாயார் சன்னதிப் பக்கம் சிறிய திறப்பு வழியே கொற்றவையைக் காட்டுகிறார்கள். குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். எருமைத் தலைமேல் கால் வைத்து, ஒயிலாக நிற்கிறாள். போருக்குப் போகிறவன் உத்தரவு கேட்க வேண்டியவள் இவளல்லவா! நான் கேட்ட கதையில் இவளிடம் யாரும் போகவில்லை.

மறுபடியும் ரங்கநாதர் முன் போய் நின்றேன். கோபத்தில் திருப்பிய முகம் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகாதே என்று சொல்லியும் போகிற பிள்ளையின் முதுகைப் பார்க்க மனம் வராதவரின் முகம் அது.

நேரம் இருந்தால் கடலிக்கும் நீலாம்பூண்டிக்கும் போய்வாருங்கள். மகமத்கானுக்கும் குதிரைக்கும் சமாதி நீலாம்பூண்டியில் என்கிறார்கள். ராஜனின் உடலைத் தகனம் செய்தது செஞ்சியில், செட்டிக்குளக் கரையில். அவன் மனைவியும் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் வைத்த பெயர்தான் பாலாற்றங்கரையில் இருக்கும் ராணிப்பேட்டை என்பார்கள். கோட்டைக்கு டிக்கெட் எடுக்க நிற்குமுன், காலையிலேயே சிங்கவரம் ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும்.