அரைப்பேர்

“பொருந்தாதுதான்” என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இத்தனை நாள் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

எங்கள் அச்சகத்துக்கு எழுத்தாளர்கள் வராத கிழமை கிடையாது. கண்டி டவுனில் எனக்குத் தெரிந்த இலக்கியம் பெரும்பாலும் சீ.ஆர். கொப்பியில்தான் வரும். புத்தகமாகும்போது ஏ5 அளவு, 300 பிரதி, அட்டையில் தேயிலை மலையும் கூடையும். கூடை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை இன்னும் காணவில்லை.

அவருடையதும் அப்படி ஒரு கொப்பிதான், ஒன்பது கதைகள். பாமினி எழுத்துருவில் அடிக்கும்போதே பிழை திருத்திக்கொண்டு போவது என் பழக்கம். முதலாளி என்னை வைத்திருப்பதே அதற்குத்தான். பெரட்டுக்களம் ‘வேலை பிரிக்கும் இடம்’ ஆனது. பிள்ளைக்காம்பரா ‘சிறுவர் பராமரிப்பு நிலையம்’ ஆனது. அரைப்பேர், ‘அரைநாள் சம்பளம்’.

எடுத்த கொழுந்து நிறுவையில் சொன்ன கிலோ வராவிட்டால், செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப் பதிவில் முழுப்பேர் விழாது. 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு மாறும். கதையில் ஒரு மழை நாளில் அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுகிறது. ராத்திரி அதை வைத்து வீட்டில் சண்டை. கம்பளிக்குள் படுத்திருக்கும் பிள்ளை கேட்கிறது: “அம்மா பேருல பாதியப் போட்டாங்கன்னா, மத்த பாதிய யாரு வச்சிருக்கா?”

‘சம்பளம்’ என்று மாற்றிய பிறகு அந்தக் கேள்விக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. வரியையே எடுத்துவிட்டேன். யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். தேத்தண்ணி வந்த நேரம் அது.

புரூஃப் பார்க்க வந்தவர் பஸ் டிக்கட்டை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து வைத்து வாசித்தார். அந்தப் பக்கத்தில் டிக்கட் நின்றது. முன் பக்கத்தைப் புரட்டினார், திரும்ப வந்தார்.

“அந்தப் புள்ள ஒண்ணு கேக்குமே மகள், அது இல்லையே?”

“சம்பளம்னு போட்ட பொறகு அது பொருந்தல ஐயா.”

டிக்கட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “பொருந்தாதுதான்” என்றார். கையெழுத்துப் போட்டார்.

அவருடைய காசு, அவருடைய புத்தகம். வேண்டாம் என்றால் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து வாசிப்பவருக்கு அரைப்பேர் என்றால் என்ன விளங்கும்? இதையெல்லாம் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் எனக்கு விளங்கியதே! அம்மா 27 வருடம் கொழுந்து எடுத்தவள். அரைப்பேர் விழுந்த அந்தியில் வீடு எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் வருடம் வகுப்பில் ‘பெரட்டு’ என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. அதனால்தான் மாற்றினேன் என்று இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

போன வருடம் கெம்பஸ் பிள்ளை ஒருவர் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை பற்றிய ஆய்வை அடிக்கக் கொண்டுவந்தார். சி. வி. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1948லும் 1949லும் வந்த சட்டங்களில், அப்படி ஆட்களை அனுப்பிய தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமையும் போனது, வாக்கும் போனது. அவர் சனத்தின் வாயிலிருந்த பாட்டுகளைத் தேடித் தொகுத்தவரும்கூட. அந்தப் பாட்டுகளை அடிக்கும்போது ஒரு சொல்லை நான் தொடவில்லை. ஏற்கெனவே அச்சில் வந்த சொல் என்றால் என் கை நின்றுவிடுகிறது. கொப்பியில் வந்தால்தான் திருத்துகிறது. இதை முதலாளியிடம் சொன்னேன். “புரூஃப் பிந்துது, அதப் பாரு” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அன்றைக்கு முடிவெடுத்தேன்: கொப்பியில் இருப்பதை இருக்கிறபடி அடிப்பது.

ஐப்பசியில் அந்தக் கதைக்காரர் திரும்ப வந்தார். சம்சாரம் தவறிவிட்டாராம், கருமாதிக் கார்ட் அடிக்க வேண்டும். எழுதிக் கொண்டுவந்த துண்டில் கடைசி வரி ‘கன்னீருடன் குடும்பத்தார்’ என்று இருந்தது. கை துடித்தது. தொடாமல் அப்படியே அடித்தேன். 150 கார்ட். அவசரம் என்று புரூஃப்கூடக் காட்டவில்லை.

வாங்க வந்தவர் முதல் கார்டை எடுத்து, சட்டைப் பையில் டிக்கட்டைத் தேடி எடுத்து, வரிக்குக் கீழே வைத்தார். கடைசி வரியில் நின்றார்.

“இது மூணு சுழில்ல மகள்? ராத்திரி தூக்கமில்லாம எழுதுனது. நீங்க திருத்தியிருக்கலாமே.”