மஞ்சள்

11 மார்ச் 2025, செவ்வாய்

நேபிள்ஸ் பக்கத்துக் காம்பி ஃப்ளெக்ரேய் எரிமலையின் வாராந்திர அறிக்கை வந்துவிட்டது. எச்சரிக்கை நிலை மஞ்சள்தான். 2012 டிசம்பரிலிருந்து மஞ்சள். ஆனால் போட்சுவோலியின் ரியோனே தெர்ராவில் நிலம் எழும்புவதைக் காட்டும் ஜிபிஎஸ் கோடு பிப்ரவரி நடுவிலிருந்து நிமிர்ந்துகொண்டே போகிறது. மாதத்துக்குச் சுமார் 30 மில்லிமீட்டர். முன்பு 10தான்.

மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா பிடித்துக்கொண்டார். "போகணுமா, இருக்கணுமா? அதை மட்டும் சொல்லு."

மஞ்சள் என்றேன்.

12 மார்ச்

கந்தக நெடி. காற்று, வாயு கக்கும் சோல்ஃபதாரா பள்ளத்தின் பக்கமிருந்து.

13 மார்ச், விடிகாலை

1.25க்கு. முதலில் சத்தம், அப்புறம்தான் ஆட்டம். ஆழம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அதனால்தான் நாலு சொச்சமே ஆளைத் தூக்கிப் போடுகிறது. 4.4 என்றார்கள், பிறகு 4.6. தெரு முழுக்க ஜனம், பாதிப் பேர் காருக்குள். மடிக்கணினியைத் திறந்தால் விசைகளின் இடுக்கில் சுண்ணாம்புத் தூள். இரண்டு விசை அமுங்க மறுக்கிறது.

13 மார்ச், இரவு

நேபிள்ஸின் பாஞோலிப் பகுதியில் கூரை விழுந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை உயிரோடு எடுத்திருக்கிறார்கள். தூக்கம் வரப்போவதில்லை.

16 மார்ச், ஞாயிறு

வெளியேற்றத் திட்டத்தின் அந்த 72 மணி நேரத்தையே மனம் சுற்றுகிறது. சிவப்பு அறிவித்ததும் 12 மணி ஆயத்தம், 48 மணி வெளியேற்றம், 12 மணி கைவசம். சிவப்பு மண்டலத்தில் சுமார் 5 லட்சம் பேர். கணக்கு இடிக்கவில்லை. கடிகாரத்தை யார், எந்தக் கோட்டைப் பார்த்து ஓடவிடுவது?

1538-இல் நிலம் எழும்பியது, கடல் பின்வாங்கியது, மோன்தே நுவோவோ என்று ஒரு குன்றே முளைத்துவிட்டது. 1982–84-இலும் நிலம் எழும்பியது, சுமார் 1.8 மீட்டர். ஏறத்தாழ 40,000 பேரைக் கிளப்பினார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. நிலம் மெல்ல அமர்ந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா அந்த நாற்பதாயிரத்தில் ஒருவர். மோன்தெருஷெல்லோவில் புது வீடு கொடுத்தார்களாம். "வெடிச்சிருந்தாலாவது போனதுக்கு அர்த்தம் இருந்திருக்கும்."

கருவிகளைக் குறை சொல்ல வாயே இல்லை. நிலநடுக்கமானி, சாய்வுமானி, துறைமுகத்தில் கடல்மட்டமானி, வெப்பக் கேமரா. சோல்ஃபதாரா நாளைக்கு ஆயிரக்கணக்கான டன் கரியமில வாயு கக்குவதுகூடக் கணக்கில் வருகிறது. கீழிருந்து தள்ளுவது மாக்மாவா, வெறும் வாயுவும் வெந்நீருமா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். நிற்கட்டும், அது அறிவியல். அறிக்கையில் வேகத்துக்குப் பக்கத்தில் பிழை அளவாக இருக்கும் அந்தக் 'கூட்டல்-கழித்தல் 5'-ஐ மாடிப்படியில் வைத்து எப்படிச் சொல்வது?

18 மார்ச், செவ்வாய்

மஞ்சள்.

30 மார்ச்

பழைய படகுத்துறை வரை நடந்தேன். படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கின்றன. கடல் வற்றவில்லை, தரைதான் ஏறிவிட்டது. திரும்பும் வழியில் ரோமானியச் சந்தையின் மூன்று தூண்கள். சிப்பி குடைந்த ஓட்டைகள் என் தலைக்கு வெகு மேலே. அவ்வளவு தூரம் முங்கிக் கிடந்துவிட்டு எழுந்திருக்கிறது. இந்த ஊரில் எதையும் 'தரைமட்டம்' என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

22 ஏப்ரல், செவ்வாய்

நிலம் எழும்பும் வேகம் மாதத்துக்கு 15 மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது! பாதிக்குப் பாதி. படியிறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இறங்குதா?"

இல்லையம்மா, ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது.

"அப்போ ஏறுது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் சொன்னதும் சரி. 2005-லிருந்து மொத்தம் 1.4 மீட்டர்.

23 ஏப்ரல்

72 மணி நேரம். எரிமலை நமக்காக 72 மணி காத்திருக்கும் என்று யார் எழுதிக்கொடுத்தது?

13 மே, செவ்வாய்

மதியம் 12.07. 4.4. பின்னாலேயே இன்னொன்று. ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஜிபிஎஸ் தரவு இறங்கப் பாதியில் நிற்கிறது. அறிக்கை வருவதற்குள் அந்தக் கோட்டை நானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.