அதே நோய், இரண்டு மடங்கு மரணம்

அமெரிக்காவில் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோயால் கறுப்பின ஆண்கள் இறக்கும் விகிதம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "எல்லாம் மரபணு" என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. நோய் வரும் வாய்ப்பில் மரபுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் 2019-இல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளிலும் மருந்துப் பரிசோதனைகளிலும், அதாவது எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே கவனிப்புக் கிடைத்த இடங்களில், வயது, நோயின் நிலை போன்றவற்றைக் கணக்கில் கொண்டபின் அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

இந்த நோய் முற்றினால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் பரவும். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால்களே செயலிழக்கலாம். உடனே ஸ்கேன், கதிர்வீச்சு, அறுவை என்று ஓட வேண்டும். காப்பீடு இல்லாதவர் எங்கே ஓடுவார்?

மருந்து விலையோ தனிக் கொடுமை. முற்றிய நோய்க்குத் தரப்படும் அபிராடெரோன் மாத்திரை, மலிவான ஜெனரிக் வருவதற்கு முன், மாதத்துக்குச் சுமார் 10,000 டாலர். நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களைக் கொண்டே தயாரிக்கப்படும், 2010-இல் அனுமதி பெற்ற சிபுலூசெல்-டி சிகிச்சைக்கு மொத்தம் 93,000 டாலர். அதைப் பெற்றவர்களின் பதிவேட்டில் கறுப்பின நோயாளிகள் வெள்ளையரைவிட அதிக காலம் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மருந்துத் திட்டத்தில் நோயாளி கையிலிருந்து கொடுப்பதற்கு 2025-இல் ஆண்டுக்கு 2,000 டாலர் உச்சவரம்பு வந்தது, நல்லது. ஆனால் மெடிகேர் பெரும்பாலும் 65 வயதுக்கு மேல்தான். கறுப்பினருக்கோ இந்த நோய் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது.