மூன்றாவது கண்ணி

அக்கா மகன் போனது 2016 மார்கழியில். ஐந்து வயது நிறையவில்லை. மூளைக்காய்ச்சல், நாலே நாள்.

வந்த சனமெல்லாம் கலைந்துபோன பிறகு ஒரு சாயங்காலம் அக்கா ஒரு சின்ன சுருக்குப்பையை என் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே அவனுடைய வெள்ளி அரைஞாண். கொக்கி மாட்டி மாட்டி மூன்றாவது கண்ணி தேய்ந்திருந்தது. வளர வளர மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த மிச்சக் கண்ணிகள் அப்படியே இருந்தன.

இதை வீட்டில் வைத்திருந்தால் அழுகை நிற்காது, இருக்கன்குடி உண்டியலில் போட்டுவிடு என்று பெரியம்மா சொன்னார். நானும் சொன்னேன்: "ஆமாக்கா, போட்டுரு. நீ அழுதா அவனுக்கு அங்க நிம்மதி இருக்காது. சாமிக்குப் பிடிச்ச பிள்ளை, கூப்பிட்டுக்கிச்சு." அக்கா பதில் பேசவில்லை. பையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் என் முன்னால் அவள் அவனைப் பற்றிப் பேசியதே இல்லை. தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை. தினசரி காலண்டர் சீசன் முடிந்தால் தை மாதத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்படி ஒரு தையில்தான் ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலைத் தமிழில் படிக்க ஆரம்பித்தேன். அப்பனைக் கொன்றது எந்த மகன் என்ற கேள்விக்காகத்தான் எடுத்தேன். ஆனால் இரண்டாம் பாகத்திலேயே, கொலைக்கு வெகு முன்னாடியே, என்னை உட்கார வைத்துவிட்டாள் ஒரு கிராமத்துப் பெண். நாவலில் அவளுக்குச் சில பக்கங்கள்தான்.

அவள் பெயர் நஸ்தாஸ்யா. வண்டிக்காரன் பெண்டாட்டி. 300 வெர்ஸ்ட், நம் கணக்கில் 320 கிலோமீட்டர் தள்ளியிருந்து மடத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டை விட்டுக் கிளம்பி மூன்றாவது மாதம். முதிய துறவி ஸோசிமாவின் முன்னால் மண்டியிட்டுச் சொல்கிறாள்: நாலு பிள்ளை பெற்றேன், ஒன்றும் தங்கவில்லை, ஆனால் இந்தக் கடைசிப் பயலைத்தான் மறக்க முடியவில்லை. மூன்று வயதாக மூன்று மாதம் பாக்கி. அவன் அறைக்குள் நடந்து வருகிற அந்தக் காலடிச் சத்தம், டுக் டுக் என்று, ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். மூலையில் ஒளிந்து நின்றுகூடக் கேட்டுக்கொள்வேன். சொல்லிக்கொண்டே மார்புக்குள்ளிருந்து மகனுடைய சின்ன இடுப்புப் பட்டையை வெளியே எடுக்கிறாள். அதைப் பார்த்த மாத்திரத்தில் உடம்பு குலுங்க அழுகிறாள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் பட்டையும் நம்ம ஊர் அரைஞாணும் ஒன்றல்ல. இருந்தாலும் என் உள்ளங்கையில் அந்த எடை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸோசிமாவும் முதலில் நான் சொன்னதைத்தான் சொல்கிறார். குழந்தைகள் கடவுளுக்குப் பக்கத்தில் தேவதூதர்களாக இருக்கிறார்கள், அழாமல் சந்தோஷப்படு என்று பழைய காலத்துப் புனிதர் ஒருவர் ஒரு தாய்க்குச் சொன்ன கதை. நஸ்தாஸ்யா பெருமூச்சு விடுகிறாள். என் புருஷன் நிகீதாவும் இதையேதான் சொன்னான், சொல்லிவிட்டு அவனும் என்னை மாதிரியே அழுகிறான் என்கிறாள். இந்த இடத்தில் ஸோசிமா மேற்கொண்டு வாதாடவில்லை. தான் சொன்னதை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்புகிறார். பிள்ளைகளை இழந்து ஆறுதலை ஏற்க மறுத்த விவிலியத்து ராகேலைச் சொல்லிவிட்டு, ஆறுதல் கொள்ளாதே, நீ ஆறுதல் கொள்ளவே வேண்டாம், ஆறுதல் கொள்ளாதே, அழு என்கிறார்.

ஒரே வார்த்தை மூன்று தடவை. மேசையில் இப்படி வந்தால் இரண்டை அடித்துவிட்டு ஓரத்தில் குறி போடுவேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகப் போகும். இங்கே ஒன்றைக்கூட எடுக்க முடியாது. அந்தத் தாயின் காதில் அது விழுவதற்கே மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம்தான் தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1878 மே மாதம் அவருடைய கடைசி மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்துபோனான். 1875 ஆகஸ்டில் பிறந்தவன். கணக்குப் போட்டால் மூன்று வயதாக மூன்று மாதம் பாக்கி. அந்த வலிப்பு நோய் அப்பாவுக்கும் இருந்தது. அடுத்த மாதமே அவர் இளம் தத்துவ அறிஞர் விளாதிமிர் சலவ்யோவுடன் ஓப்தினா மடத்துக்குப் போய் அம்புரோஸி என்ற முதிய துறவியைப் பார்த்தார். அங்கே தனக்காகக் கேட்டுவந்த வார்த்தைகளைத்தான் ஸோசிமா பேசுகிறார் என்று மனைவி ஆன்னா தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தொடராக நாவல் வரத் தொடங்கியது 1879 ஜனவரியில். கதையின் நாயகனுக்கு அல்யோஷா என்று பெயர். நஸ்தாஸ்யாவின் மகனும் அலெக்ஸேய்தான், வீட்டில் கூப்பிட்டால் அல்யோஷா. அந்தப் பெயரைத் தாளில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார் மனுஷர்.

இந்த நாவல் என்றாலே எல்லோரும் சகோதரர்களில் ஒருவனான இவானைத்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். மதுக்கடையில் தம்பி அல்யோஷாவுக்கு மீன் சூப்பும் செர்ரி ஜாமும் வரவழைத்துக் கொடுத்துவிட்டு அவன் சொல்லும் கதைகளை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. கல்லெறிந்து நாயின் காலில் காயம்படுத்தினான் என்பதற்காக எட்டு வயது அடிமைச் சிறுவனைத் தாயின் கண் முன்னால் நாய்களை ஏவிக் கொல்கிறான் ஒரு ஜெனரல். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று குளிரில், கழிப்பறையில் அடைபட்டு, சின்னக் கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுகிறது. நாளைக்கு எல்லாம் சரியாகும், எல்லோரும் கட்டிக்கொள்வார்கள் என்றால், அந்த விலைக்கு அது எனக்கு வேண்டாம். கடவுளை நான் மறுக்கவில்லை, அந்த நாளுக்கான நுழைவுச்சீட்டை மட்டும் மரியாதையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான் இவான். எனக்கு சாமி நம்பிக்கை உண்டு. ஆனாலும் இவான் சொல்வதில் ஒரு வரி தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இவானுக்கான பதில் அடுத்து வரும் 'ருஷ்யத் துறவி' பாகத்தில் இருக்கிறது என்று தஸ்தயேவ்ஸ்கி கடிதத்தில் எழுதினார். அது போதுமான பதிலாக இருக்குமா என்று நடுங்கியதாகவும் எழுதினார். அந்தப் பாகம் அழகானது. ஆனால் எனக்குப் பதில் அங்கே கிடைக்கவில்லை, கடைசிப் பக்கங்களில் கிடைத்தது.

ஏழை கேப்டன் ஸ்னெகிர்யோவின் மகன் இல்யூஷா. சாகப்போவது அவனுக்கே தெரியும். நான் போன பிறகு வேறொரு நல்ல பையனை வைத்துக்கொள் அப்பா என்று சொல்லிவிட்டான். எனக்கு நல்ல பையன் வேண்டாம், வேறு பையன் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கிறார் அப்பா. தன் குழிமேல் ரொட்டியைப் பிய்த்துப் போடச் சொல்லியிருந்தான். குருவிகள் வரும், சத்தம் கேட்டால் தனியாக இல்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பாவின் கண்ணில் மூலையில் கிடக்கும் மகனுடைய பூட்ஸ் படுகிறது. ஒட்டுப் போட்ட, பழசாகி விறைத்துப்போன பூட்ஸ். ஒன்றை எடுத்து முத்தமிட்டு, இல்யூஷா, உன் கால்கள் எங்கே என்று கதறுகிறார். நஸ்தாஸ்யா கேட்கத் துடித்ததும் காலடிச் சத்தத்தைத்தானே.

அங்கே நிற்கிறான் அல்யோஷா. ஸோசிமாவின் சீடன், இனிமையாகப் பேசத் தெரிந்தவன். அவன் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அழுது தீர்க்கட்டும், இங்கே ஆறுதல் சொல்ல முடியாது என்று வெளியே வந்து இல்யூஷாவின் பள்ளித் தோழன் ஒருவனிடம் சொல்கிறான். குருநாதரிடம் அவன் கற்றது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அந்தத் தோழர்களிடம் உயிர்த்தெழுதல் பற்றி உறுதியாகவே பேசுகிறான். அதை அந்த அப்பாவின் முகத்துக்கு நேரே, அந்த அழுகையை நிறுத்தப் பயன்படுத்தவில்லை. நான் பயன்படுத்தினேன். என் சாமியைக் கொண்டுபோய் அக்காவின் வாயில் அடைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒண்ணு படிச்சுக் காட்டட்டுமா என்று கேட்டேன். நஸ்தாஸ்யா வரும் பக்கங்களை மட்டும் படித்தேன். நடுவில் என் குரல் உடைந்தது. அவள் நிமிரவில்லை, கீரைக்காம்பை மட்டும் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

முடித்ததும் கேட்டாள்: "ஏன்டா, அந்தச் சாமியார் பெல்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாரா?"

"இல்லக்கா. வாங்கல."

"அவகிட்டயே இருக்கா?"

"அவகிட்டதான் இருக்கு."

"அப்புறம்?"

"ஊருக்குத் திரும்பிப் போறேன்கிறா. இன்னிக்கே கிளம்புறேன்கிறா. புருஷன்கிட்ட."

"ஆமா, அவரும் ஒத்தையில அழுதுக்கிட்டுக் கெடப்பாரு" என்றாள்.

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. சுருக்குப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைஞாணை மடியில் நீட்டிப் போட்டு, மூன்றாவது கண்ணிக்கு அவன் எப்போது வந்தான் என்று சொல்ல ஆரம்பித்தாள்.