லென்ஸ் பிறகு, தூரம் முதலில்: கமரா செய்முறைப் பரீட்சைக்கு

இருவர் பேசும் காட்சியொன்றை எடுத்துவரச் சொன்னால், பலர் முதலில் தேடுவது லென்ஸை. ஆனால் கமரா ஆளுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதுதான் முதல் முடிவு. வாய்மொழிப் பரீட்சையில் ‘ஏன் அங்கே நின்றீர்கள்?’ என்று கேட்டால் பதில் அங்கேதான் இருக்கிறது.

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்புப் பள்ளிவாசல் பின்னால் தெரிய ஒருவரை நெஞ்சளவில் எடுப்பதாக வையுங்கள். ஃபுல் பிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்ஸர் உள்ள) கமராவில் 24 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு மீற்றரில் நிற்கவேண்டும், 85 மி.மீ. என்றால் மூன்றரை மீற்றர். ஆள் இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் 40 மீற்றர் தள்ளி நிற்கும் பள்ளி, 85இல் மூன்று மடங்குக்கு மேல் பெருத்து அவர் தோளில் வந்து குந்தும். தெருவின் நெரிசல் ஆளை அமுக்கவேண்டுமா, 85. ஆளைச் சுற்றி வெளி தெரியவேண்டுமா, 24. மூக்கு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லையா என்று பாருங்கள். ட்ரைபொட்டை நடுத்தெருவில் விரிக்கவேண்டாம், சுமை இழுக்கும் நாட்டாமிமாரின் வண்டி அதற்காக நிற்காது.

கடைக்குள் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு செக்கனுக்கு 100 தடவை துடிக்கிறது. கமரா செக்கனுக்கு 30 பிரேம், 1/60 செக்கன் ஷட்டரில் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம்) கிடந்தால் அதோடு ஒத்துப்போகாது. 25 பிரேம், 1/50 என்று வீட்டிலேயே மாற்றிவிட்டு வாருங்கள். எடிட்டில் சரிக்கட்டுவது பெரும்பாடு.

அதே 1/50 உச்சி வெயிலில் வேறு தொல்லை. ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு) 100இல் அப்பச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துவாரத்தை, எஃப் 22 வரை மூடவேண்டி வரும். பின்னணி முழுக்கத் தெளிவாகி ஆள் அதற்குள் தொலைவார். துவாரம் எஃப் 4 அளவுக்குத் திறந்திருக்கவேண்டுமென்றால், ஒளியை ஐந்து தடவை பாதியாக்கும் ஐந்து ஸ்டொப் என்டி ஃபில்டர் போடுங்கள். அதற்குப் பதில் ஷட்டரை 1/1600க்கு ஏற்றினால் கையசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

ஏசி அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி பிடிக்கும். பையை மூடியபடி அரை மணித்தியாலம் விடுங்கள்.

காலிமுகத்திடலில் சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரம் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அகல ஷொட்டை முதலில் முடியுங்கள். குளோஸப்பை இருட்டத் தொடங்கிய பிறகும், கடல் தெரியாத கோணத்தில், சின்ன எல்ஈடி விளக்கை வெள்ளை ரெஜிபோம் அட்டையில் தெறிக்கவிட்டுச் சமாளிக்கலாம். வானத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. இருவரின் குளோஸப்பையும், இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள், இல்லாவிட்டால் படத்தில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள்.

உப்புக் காற்று ஃபில்டரில் படிந்தால் எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும். துடைக்க முதல் ஊதுங்கள். மணல் இருந்தால் கண்ணாடி கீறும்.